எம்ஜிபிக்கு எந்த டயர்: 165/80ஆ, 185/70ஆ, 195/60ஆ?

வேலூர் சத்துவாச்சாரியில் சித்தப்பா வீட்டு ஷெட்டில் நிற்பது எம்ஜிபி ஜிடி என்ற எழுபதுகளின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 14 இன்ச் ஸ்போக் வீல். முன்பு வைத்திருந்தவர் 195/60 டயர் போட்டிருந்தார். பார்க்க அகலமாக, தரையோடு ஒட்டி அழகாகத்தான் இருந்தது. ஓட்டியபோதுதான் சிக்கல் தெரிந்தது.

முதலில் கணக்கு. 165/80 என்றால் டயரின் அகலம் 165 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. மேலும் கீழுமாக அதை இருமுறை எடுத்து, ரிம்மின் 14 இன்ச், அதாவது 355.6 மி.மீ. சேர்த்தால் மொத்த உயரம் ஏறக்குறைய 620. இதே கணக்கில் 185/70க்கு 615 வரும். 195/60க்கு 590தான்.

அந்த 30 மி.மீ. குறைந்தால் வண்டி 15 மி.மீ. இறங்கிவிடும். எம்ஜிபி ஏற்கெனவே தாழ்வான வண்டி. தெருவுக்குத் தெரு இருக்கும் நம்மூர் வேகத்தடைகளில் சைலன்சர் குழாய் உரசிக்கொண்டே போனது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டினால் உண்மையில் 95தான். வாலாஜா பக்கம் பெங்களூர் நெடுஞ்சாலையில் போகும்போது இன்ஜின் தேவையில்லாமல் கூடுதலாகச் சுற்றியது.

அதைவிடப் பெரிய தப்பு ரிம். எங்கள் ஸ்போக் வீல் நாலரை இன்ச் அகலம். 195/60க்குக் குறைந்தது ஐந்தரை வேண்டும். குறுகிய ரிம்மில் மாட்டினால் பக்கச்சுவர் உள்ளே இழுபட்டு, நடுப்பகுதி புடைத்து அங்கே மட்டும் தேயும். ஸ்போக் வீலுக்கு ட்யூபும் போட்டாக வேண்டும். தாழ்ந்த பக்கச்சுவருக்குள் ட்யூப் உரசிச் சூடாகும். கத்திரி வெயிலில் வேலூர் தார்ச்சாலை கொதிக்கும்போது அந்த ஆபத்தை நான் ஏற்க மாட்டேன்.

சரி, 185/70? உயரம் கிட்டத்தட்ட 165/80 அளவுதான், பிடிப்பும் அதிகம். ஐந்து இன்ச் இரும்பு வீல் உள்ள எம்ஜிபிக்கு இதையே போடச் சொல்வேன். ஸ்போக் வீலில் நாலரை இன்ச் இதற்குக் கடைசி எல்லை; பின்பக்க மட்கார்டு ஓரத்திலும் இடிக்கும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியை லாங் பஜார் நெரிசலில் திருப்பிப் பார்த்தால் அகல டயரின் கனம் தோளில் தெரியும்.

கடைசியில் நாங்கள் போட்டது 165/80. அந்தக் காலத்தில் ரேடியல் டயரில் 165 ஆர்14 என்று மட்டும் எழுதியிருப்பார்கள், சதவீதம் இருக்காது. அவற்றின் பக்கச்சுவர் சுமார் 82 சதவீதம். இன்றைய 80 அதற்கு மிக நெருக்கம். மாருதி ஸ்விஃப்டின் விலை குறைந்த மாடல்களுக்கு வந்த அளவும் இதுதான் என்பதால் தேடி அலைய வேண்டாம். "என்னடா, சைக்கிள் டயர் மாதிரி ஒல்லியா இருக்கு" என்றார் சித்தப்பா. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிய பிறகு அவரே சாவியைத் தர மறுத்துவிட்டார். பிடி விடுவதற்கு முன்பே இந்த டயர் ஸ்டீயரிங்கில் சொல்லிவிடுகிறது. ஓட்டுபவருக்கு வேண்டியது அதுதானே!

அப்புறம், எந்த அளவு வாங்கினாலும் பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம் தயாரானது. இப்படிப்பட்ட வண்டி வருடத்தில் கொஞ்ச தூரமே ஓடும். பட்டன் தேய்வதற்குள் ரப்பர் வயதாகி வெடிப்பு விட்டுவிடும். கடைக்காரர் பழைய ஸ்டாக்கை எடுத்துக் கொடுத்தால் வேறு கேளுங்கள்.