ஒரே சோஃபாவில் ஆட: ஓவர்குக்ட் 2-ஆ, இட் டேக்ஸ் டூ-வா?

வீட்டில் நாலு பேர் கூடினால் நான் போடுவது ஓவர்குக்ட் 2 (2018) என்ற சமையல் வீடியோ கேம். ஒருவர் நறுக்க, ஒருவர் தட்டு கழுவ, அதற்குள் அடுப்பில் சோறு தீப்பிடிக்கும். "தட்டு எங்கே?" என்று கத்தாமல் ஒரு சுற்றும் முடியாது. கன்ட்ரோலர் குறைந்தால் ஒன்றையே இருவர் பாதிப் பாதியாகப் பிடித்து ஆடலாம். திரையில் பார்க்கும் கோணத்தை (கேமராவை) நாமே திருப்பும் வேலையே இல்லை. அதனால் கேம் பழக்கமில்லாத அம்மாவும் சட்டென்று சேர்ந்துவிடுவார்.

இட் டேக்ஸ் டூ (2021) இருவருக்கு மட்டும். பொம்மைகளாகிவிட்ட கணவன் மனைவியின் கதை. ஓரிடத்தில் அவன் ஆணியை எறிந்து சுவரில் பதிக்க, அவள் அதில் சுத்தியலை மாட்டி ஊஞ்சலாடித் தாவ வேண்டும். அந்த ஒரு தாவலுக்காகவே எனக்கு இதுதான் உசத்தி. ஆனால் பத்து மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். அதே துணை பல இரவுகள் கூடவே உட்கார வேண்டும்.