நியூட்ரான் விண்மீன் வெடிப்புகளுக்கு லாக்ஸ்பிசி: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் லாக்ஸ்பிசி எக்ஸ்-கதிர்க் கருவி தந்த தரவுகளை, இரட்டை விண்மீன் அமைப்புகளில் உள்ள நியூட்ரான் விண்மீன்களின் (பெரிய விண்மீன்கள் இறந்தபின் எஞ்சும் மிக அடர்ந்த கருக்கள்) வெடிப்புகளை ஆராய்வதற்காகப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இந்த வேலைக்கு மிகவும் ஏற்ற கருவி அது. ஆனால் அதன் குறைகளைத் தெரிந்துகொண்டே கையாள வேண்டும்.

துணை விண்மீனிலிருந்து வந்து படியும் ஹைட்ரஜனும் ஹீலியமும் நியூட்ரான் விண்மீனின் மேற்பரப்பில் அழுந்தி, அணுக்கருப் பிணைவால் திடீரெனப் பற்றிக்கொள்ளும்போது, எக்ஸ்-கதிர் ஒளி ஓரிரு நொடிகளில் உச்சத்தைத் தொட்டுச் சில பத்து நொடிகளில் தணிந்துவிடுகிறது. அதற்குள் விண்மீனின் சுழற்சியைப் பிடித்தாக வேண்டும். ஒவ்வொரு ஃபோட்டானின் (ஒளித்துகளின்) வருகையையும் 10 மைக்ரோ நொடித் துல்லியத்தில் குறித்துவைக்கும் லாக்ஸ்பிசியின் அருமை இங்கேதான் விளங்குகிறது. 4யூ 1728-34 என்ற நியூட்ரான் விண்மீன் மூலத்தின் வெடிப்பை ஒரு நொடி இடைவெளியில் வரைந்தால் சட்டென்று ஏறி மெல்ல இறங்கும் ஒரு மேடு மட்டுமே தெரியும். அதே பதிவைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துத் திறன் நிறமாலை (எந்த அதிர்வெண்ணில் ஒளி எவ்வளவு வலுவாகத் துடிக்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்தால், விண்மீனின் சுழற்சியைக் காட்டும் ஒரு கூர்முனை 363 ஹெர்ட்ஸ் அருகே எழுவதும், வெடிப்பு தணியத் தணிய அதன் அதிர்வெண் சற்றே உயர்வதும் புலப்படுகின்றன. 1996 இல் நாசாவின் ஆர்எக்ஸ்டிஇ எக்ஸ்-கதிர் விண்கலம் முதன்முதலில் கண்ட அலைவு அது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

குறைகளில் முதன்மையானது செயலிழப்பு நேரம். ஒரு நிகழ்வைப் பதிந்தபின் ஏறக்குறைய 42 மைக்ரோ நொடிகளுக்குக் கருவி அடுத்ததை ஏற்காது. எனவே நொடிக்கு 5,000 நிகழ்வுகள் பதிவாகும் உச்சத்தில், உண்மையில் வந்தவற்றுள் ஐந்தில் ஒரு பங்கு தவறிப்போகிறது. இதைத் திருத்தாமல் உச்ச ஒளிர்வைக் கணக்கிடுவது வீண். மூன்று உணரிகளுள் ஒன்று வாயுக் கசிவுக்குப் பின் 2018 இல் அணைக்கப்பட்டதாலும், இன்னொன்றின் பெருக்கம் (குறிப்பலையைப் பெரிதாக்கும் அளவு) நிலையாக இல்லாததாலும், பிற்காலத் தரவுகளுக்கு நான் மீதமுள்ள லாக்ஸ்பிசி 20 என்ற உணரியை மட்டுமே நம்புகிறேன். வெடிப்பின் ஒளியில் பெரும்பகுதி 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்குக் கீழே அடங்கி, மேலடுக்கிலேயே பெரிதும் பதிவாகிவிடுவதால், உணரியின் மேலடுக்கை மட்டும் எடுத்துக்கொள்வது பின்னணி இரைச்சலை நன்றாகக் குறைக்கிறது.

இது படமெடுக்கும் கருவி அல்ல. ஏறத்தாழ ஒரு பாகைப் பார்வைப் புலத்துக்குள் வருவதையெல்லாம் சேர்த்தே எண்ணும். 4யூ 1728-34 இலிருந்து அரைப் பாகை தொலைவிலேயே எம்எக்ஸ்பி 1730-335 என்ற மற்றொரு வெடிப்பு மூலம் இருக்கிறது. நான் ஆராயும் தரவு எடுக்கப்பட்ட நாட்களில் அது வெடித்துக்கொண்டிருந்ததா என்பதைப் பிற விண்கலங்களின் கண்காணிப்புப் பதிவுகளில் பார்த்த பிறகே, ஒரு வெடிப்பை எந்த விண்மீனின் கணக்கில் சேர்ப்பது என்று முடிவு செய்கிறேன்.