உள்ளே கூட்டிப்போவதா, வாசலில் நிற்பதா?

மகனுக்கு 7 வயது முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். பெண்கள் கழிப்பறை வாசலில் என் கையை உதறிவிட்டு நின்றான். "நான் உள்ள வரமாட்டேம்மா." அவன் வகுப்பில் படிக்கும் பெண் ஒருத்தி கை கழுவிவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தாள். இவனுக்கோ முட்டிக்கொண்டு நிற்கிறது. காலோடு காலைப் பின்னிக்கொண்டு நெளிகிறான், ஆனாலும் அடி எடுத்து வைக்க மாட்டேன் என்கிறான். அன்றைக்கு இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். வீடு வந்து சேர்ந்தபிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடமாக எல்லா வழிகளையும் முயன்று பார்த்திருக்கிறோம். கூடவே அழைத்துப்போவது, குடும்பக் கழிப்பறையைத் தேடிப்போவது, வேறு யாரோடாவது அனுப்புவது, தனியே அனுப்பிவிட்டு வாசலில் நிற்பது. இப்போது நான் கடைசி வழியின் பக்கம்தான். ஆனால் அதற்கு வந்து சேர்ந்தது வயதைப் பார்த்து அல்ல.

முதலில் கூடவே அழைத்துப்போவது. 5 வயது வரைக்கும் இதில் யோசிக்க எதுவுமே இல்லை. பிள்ளையின் சிறுநீர்ப்பை எவ்வளவு தாங்கும் என்பதற்கு மருத்துவர்கள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் தோராயமாக மில்லி லிட்டர் வரும். அப்படிப் பார்த்தால் 4 வயதுப் பிள்ளைக்கு 150 மில்லி. ஒரு டம்ளர்கூட இல்லை. விளையாட்டு மும்முரத்தில் கடைசி நிமிடம் வரை சொல்லவும் சொல்லாது. அந்த வயதில் பட்டனைக் கழற்ற, துடைத்துவிட, உயரமான இருக்கையில் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அப்பாவோ அம்மாவோ, யார் கூட இருக்கிறார்களோ அவர்கள் பக்கத்துக்கு அழைத்துப்போக வேண்டியதுதான். யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

சிக்கல் 6, 7 வயதில்தான் தொடங்குகிறது. பிள்ளைக்குக் கூச்சம் வந்துவிடும். உள்ளே இருக்கும் மற்றப் பெண்களின் கூச்சத்தையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும், குறிப்பாக 10, 12 வயதுச் சிறுமிகள். பிரிட்டனில் பல பொது நீச்சல் குளங்கள் 8 வயதை எல்லையாக வைத்திருக்கின்றன. அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் தங்கள் பாலினத்துக்குரிய உடைமாற்றும் அறைக்குத்தான் போக வேண்டும். அந்த எண் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் 8-ஆம் பிறந்தநாள் அன்று காலையில் திடீரென்று பிள்ளைக்கு எல்லாம் தெரிந்துவிடுமா? அதற்கு முன்பே பழக்கியிருந்தால்தானே அன்றைக்குத் தனியே போக முடியும்?

குடும்பக் கழிப்பறை இருக்கிற இடத்தில் அதைவிட நல்லது வேறு இல்லை. ஒரே அறை, ஒரே கதவு, எந்தப் பிள்ளையோடும் எந்தப் பெற்றோரும் போகலாம். மகளை அழைத்துவரும் அப்பாக்களுக்கு இது பெரிய விடுதலை. ஆண்கள் பக்கத்தில் சிறுநீர் கழிக்கும் இடம் சுவரோரமாகத் திறந்தே இருப்பதால், அதைத் தாண்டி மகளைக் கூட்டிப்போக என் தம்பி படும் பாடு எனக்குத் தெரியும். குறை ஒன்றே ஒன்றுதான்: தேடும்போது இருக்காது. மாற்றுத்திறனாளிகளுக்கான அறையை அவசரத்துக்கு இரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறோம். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அந்தக் கட்டடத்திலேயே அது ஒன்றுதான் வழியாக இருக்கும். அதனால் அதை எங்கள் வழக்கமாக்கிக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை.

மூன்றாவது, வேறு ஒருவரோடு அனுப்புவது. தாத்தா, மாமா, அண்ணன் என்று நாம் முழுக்க நம்புகிற ஒருவர் கூட இருந்தால் சரி. அப்போதும் அவர் வெளியே நிற்க வேண்டும், பிள்ளை மட்டும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. பிள்ளைகளுக்கு நேரும் பாலியல் கொடுமைகளில் பெரும்பாலானவை முன்பே தெரிந்தவர்களால்தான் நடக்கின்றன. அதனால் இந்த ஏற்பாட்டில் யாருக்கும் விலக்குக் கிடையாது, தாத்தாவுக்கும் கிடையாது. இதில் அவர் வருத்தப்பட ஒன்றுமில்லை, அவர் வருத்தப்படவும் இல்லை. ஆனால் "சார், இவனைக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" என்று அங்கே நிற்கிற முன்பின் தெரியாத ஒருவரிடம் பிள்ளையை ஒப்படைப்பதை நான் செய்ய மாட்டேன். அந்த மனிதர் தங்கமானவராக இருக்கலாம். ஆனால் கழிப்பறைக்குள் புதிய ஆள் சொல்வதைக் கேட்கலாம் என்று அம்மாவே பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடும்.

இனி வாசலில் நிற்பதற்கு வருகிறேன். முதல் தடவை அவனைத் தனியே அனுப்பிவிட்டு, ஆண்கள் கழிப்பறைக்கு எதிரே சுவரில் சாய்ந்து நின்றேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஒருவர் உள்ளே போனார், இன்னொருவர் வெளியே வந்தார். அஞ்சு நிமிடம் ஆகியும் இவனைக் காணோம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கதவை லேசாகத் திறந்து மறுபடி கூப்பிட்டதும் உள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது: "அம்மா, தாழ்ப்பாள் வரல." அப்படியே உள்ளே போய்விட்டேன். யார் என்ன நினைப்பார்கள் என்று அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. கதவின் வெளிப்பக்கத்தில் தாழ்ப்பாளுக்கு நேராக ஒரு வட்டம், அதன் நடுவில் ஒரு கீறல். ஒரு நாணயத்தை அதில் வைத்துத் திருப்பினேன், சிவப்பு பச்சையாக மாறியது, கதவு திறந்தது. முகமெல்லாம் வியர்த்து, கால்சட்டையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டியபடி நின்றுகொண்டிருந்தான்.

"ஏன்டா கூப்பிடல?"

"வெளில வந்தா கத்தக்கூடாதுன்னு நீதானேம்மா சொன்ன?"

அந்தப் பதில்தான் எல்லாவற்றையும் எனக்குத் தீர்மானித்துக் கொடுத்தது. எத்தனை இடங்களில், எத்தனை முறை சொல்லியிருப்பேன்: சத்தம் போடாதே, நாலு பேர் பார்க்கிறார்கள், மெதுவாகப் பேசு. பிள்ளை அதை அப்படியே கடைப்பிடித்திருக்கிறான். அன்றைக்குத் தாழ்ப்பாள்தான் இறுகிக்கொண்டது. வேறு எதுவாக இருந்திருந்தாலும் இதே அடக்கத்தோடுதான் நின்றிருப்பான். நல்ல பிள்ளை என்று நாம் பெருமைப்படுகிற அந்தக் குணமே ஒரு மூடிய கதவுக்குப் பின்னால் அவனுக்கு எதிராகத் திரும்புகிறது.

ஆகவே எந்த வயதில் தனியே அனுப்பலாம் என்று யாராவது என்னைக் கேட்டால், நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: அவன் கத்துவானா? உள்ளே ஏதாவது சரியில்லை என்றால், பத்துப் பேர் திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை என்று அடிவயிற்றிலிருந்து "அம்மா" என்று கூப்பிடுவானா? கூப்பிட்டால் அது நம் காதில் விழும் தூரத்தில் நாம் நிற்கிறோமா? ஜிப் போடத் தெரிவது, தானே கழுவிக்கொள்வது, ஃப்ளஷ் அழுத்துவது இதெல்லாம் 6 வயதில் வந்துவிடும். வராவிட்டால் இலாஸ்டிக் வைத்த கால்சட்டை போட்டு அனுப்பலாம். குரலுக்கு மட்டும் மாற்று ஏற்பாடு கிடையாது.

இதை வீட்டிலேயே பழக்கினோம். கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்து கத்த வேண்டும், நான் கூடத்திலிருந்து ஓடிவர வேண்டும். முதல் நாள் அவனிடமிருந்து வந்தது ஒரு முனகல். "எனக்குக் கேக்கல" என்றேன். நான்காவது நாளில்தான் பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டான். போட்டுவிட்டு, திட்டு விழுமோ என்று கதவிடுக்கு வழியாக என் முகத்தைப் பார்த்தான். கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

குரல்தான் அளவுகோல் என்று வைத்துக்கொண்ட பிறகு மற்றவை தாமாகவே ஒழுங்குக்கு வந்தன. இரண்டு பக்கமும் வாசல் உள்ள பெரிய கழிப்பறை என்றால் தனியே அனுப்புவதில்லை. நான் ஒரு வாசலில் நிற்க, அவன் மறு வாசல் வழியே போய்விடலாம், அல்லது அழைத்துப்போகப்படலாம். அங்கே இன்றைக்கும் என்னோடுதான் வருவான், கூச்சப்பட்டாலும் வருவான். நீண்ட நடைபாதையின் கடைசியில் இருக்கிற கழிப்பறையும் அப்படியே. ஒரே வாசல், வாசலிலிருந்து நாலைந்து அடியில் முதல் அறை, அப்படிப்பட்ட இடம்தான் தனியே போக ஏற்றது. அதிலும் சுவரோரத்துக்குப் போக வேண்டாம், கதவு உள்ள அறைக்குள்தான் போக வேண்டும். முதலில் தாழ்ப்பாளைப் போட்டு ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். இறுகலான தாழ்ப்பாள் என்றால் பக்கத்து அறை.

அவன் உள்ளே நுழையும்போது வாசலில் நின்று சத்தமாகவே சொல்வேன்: "அம்மா இங்கயேதான் நிக்கிறேன்." அது அவனுக்கு மட்டும் சொல்வதில்லை, உள்ளே இருக்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான். யாராவது பேச்சுக்கொடுத்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. யாராவது அலைபேசியை நீட்டிக்கொண்டு நின்றால், உதவுகிறேன் என்று கிட்டே வந்தால், இதை அம்மாவிடம் சொல்லாதே என்று எதையாவது சொன்னால், வேலை பாதியில் இருந்தாலும் வெளியே வந்துவிட வேண்டும். நனைந்த கால்சட்டையோடு வந்தாலும் திட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவன் பங்குக்கு அவன் ஒரு வாக்குக் கேட்டான்: கூப்பிட்டதும் வருவாயா? மூன்று முறை நான் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் ஆண்கள், பெண்கள் என்ற பலகையைப் பார்க்காமல் உள்ளே வந்துவிடுவேன் என்றேன்.

குரலை அமுக்குகிற எதிரி ஒன்று உண்டு, கை உலர்த்தும் எந்திரம். அது ஓடும்போது வாசலில் நிற்கிற எனக்கு உள்ளே என்ன நடக்கிறது என்றே கேட்காது. சிறுபிள்ளைகள் அதைக் கண்டு காதைப் பொத்திக்கொண்டு ஓடுவதற்கும் காரணம் இருக்கிறது. கனடாவில் ஒரு பள்ளி மாணவி பல எந்திரங்களின் இரைச்சலைப் பிள்ளைகளின் காது உயரத்தில் வைத்து அளந்தாள். சில 100 டெசிபலைத் தாண்டின. அந்த ஆய்வு 2019-இல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. எங்கள் பையன் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொள்கிறான்.

சென்சார் வைத்துத் தானாக ஓடும் ஃப்ளஷ் இன்னொரு பயம். உட்கார்ந்திருக்கும்போதே கீழே தண்ணீர் சுழன்றடித்தால் எந்தப் பிள்ளைக்கும் தூக்கிவாரிப்போடும். அந்தச் சின்னக் கறுப்புக் கண்ணாடியை ஒரு டிஷ்யூ தாளால் மூடிவிட்டால் அது பேசாமல் இருக்கும். இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஒருமுறை பயந்த பிள்ளை அடுத்த முறை வாயே திறக்காமல் அடக்கிக்கொள்ளும். அடக்கி அடக்கி மலச்சிக்கல் வரும், சிறுநீர்த் தொற்று வரும். சிறுநீர்க் குழாய் குட்டையாக இருப்பதால் பெண் பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். தாழ்ப்பாள் சம்பவத்துக்குப் பிறகு என் மகனும் ஒரு நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருந்துவிட்டு, இரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். தனியே அனுப்புவதற்கு நாம் கொடுக்கிற விலை இதுவாகத்தான் இருக்கும் என்றால், இன்னும் ஆறு மாதம் கூடவே அழைத்துப்போவதே மேல்.

சுத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருக்கையைப் பார்த்துப் பயப்படுகிறோம், ஆனால் கிருமி பெரும்பாலும் கையோடுதான் வருகிறது. சோப்புப் போட்டு 20 நொடி தேய்த்துக் கழுவினால் போதும். சானிடைசரை மட்டும் நம்ப வேண்டாம், வாந்தி பேதியைக் கொண்டுவரும் நோரோவைரஸிடம் அது அவ்வளவாக எடுபடாது.

நான் சொல்வதெல்லாம் ஒரே ஒரு மகனை வைத்துச் சொல்வது. மகளைத் தனியே பெண்கள் பக்கம் அனுப்பிவிட்டு வெளியே நிற்கிற அப்பாவின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பதைத் தம்பி சொல்லித்தான் தெரியும். அவன் இன்னும் ஒரு படி மேலே போய், உள்ளே போகிற பெண்களிடம் "என் பொண்ணு உள்ள இருக்கா" என்று சொல்லிவைப்பானாம். அவளை ஒப்படைப்பதற்காகச் சொல்வதில்லை, அப்பா வெளியே இருக்கிறார் என்று தெரியட்டுமே என்றுதான். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. பேச்சு இன்னும் முழுதாக வராத பிள்ளை, இரைச்சலைத் தாங்க முடியாத ஆட்டிசம் உள்ள பிள்ளை, கூட்டத்தில் குரலே எழும்பாத பிள்ளை, இவர்களுக்கு என் அளவுகோல் அப்படியே பொருந்தாது. மூன்று தட்டு தட்டினால் உதவி என்று ஒரு சைகை வைத்துக்கொள்ளலாம், கழுத்தில் ஒரு விசில் மாட்டி அனுப்பலாம். நான் செய்துபார்த்ததில்லை. அந்தப் பெற்றோர்கள் 10 வயதானாலும் கூடவே அழைத்துப்போனால் அதைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

இப்போது அவனுக்கு எட்டரை வயது. நான் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருப்பது அவனுக்கு வெட்கமாக இருந்ததால் அவனே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். உள்ளே போனதும் ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கிவிடுவான். சத்தம் வருகிறவரைக்கும் நான் கூப்பிடக் கூடாது. போன வாரம் அப்படித்தான், பக்கத்தில் ஒரு அம்மா நாலு வயதுப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க, உள்ளிருந்து கணீரென்று வந்துகொண்டிருந்தது. ஏழேழு நாற்பத்தொன்பது. ஏழெட்டு ஐம்பத்தாறு. சட்டென்று நின்றுவிட்டது.

"என்னாச்சுப்பா?"

"ஜிப்பு மாட்டிக்கிச்சு, இரும்மா."

இருந்தேன்.