கார்பெட்டா, ஆண்டர்சனா?

புலி வேட்டைக்காரர்களில், வேட்டைக் கதை எழுதியவர்களில் யார் உசத்தி என்று மசினகுடி டீக்கடையில் பேச்சு வந்தால் என் ஓட்டு கென்னத் ஆண்டர்சனுக்குத்தான். ஜிம் கார்பெட் பெரிய ஆள், சரி. 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907-ல் சுட்டவர். அதற்குப் பரிசாகக் கிடைத்ததுதான் அவருடைய .275 ரிக்பி துப்பாக்கி. ஆனால் அவர் காடு வடக்கே இமயமலைப் பக்கம், குமாவுனில். நமக்கு எட்டாத தூரம்.

ஆண்டர்சன் பெங்களூர்க்காரர். கையில் .405 வின்செஸ்டர் துப்பாக்கி. விசைக்குக் கீழே இருக்கும் லீவரைத் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிவிடும். சுட்டால் தோளில் நல்ல இடி. பிற்காலத்தில் இருவருமே கேமராவுக்கு மாறிவிட்டார்கள், அதில் வித்தியாசமில்லை. ஆண்டர்சன் எழுதிய சீகூரும் மாயாறும் நாங்கள் பஸ்ஸில் போய்வருகிற இடங்கள். கதையில் மசாலா கொஞ்சம் தூக்கல்தான். இருந்தாலும் இருட்டிய பிறகு சீகூர்ப் பாலம் தாண்டும்போது அவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.