தலையில் அடிபட்ட ஒற்றனும் நான்கு பக்கக் குறிப்பும்: ஒரு கைப்பிரதி வாசிப்புச் சேவை

சோழர் காலத்தைக் களமாகக் கொண்டு நான் எழுதிவரும் சாகச நாவலின் மூன்று அத்தியாயங்களை, கைப்பிரதிகளை மருத்துவ நோக்கில் படித்துக் கருத்துரைக்கும் சேவை ஒன்றுக்கு 3,000 ரூபாய் கட்டி அனுப்பியிருந்தேன். படித்தவர் தலைக்காயப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய அறுவை மருத்துவர்.

என் கதையில் ஒற்றன் ஒருவன் நடுச்சாமத்தில் பின்னாலிருந்து தடியால் அடிபட்டு விழுகிறான். விடியலில் நிலவறையில் கண்விழித்து, அடித்தவனின் முகத்தைத் தெளிவாக நினைவுகூர்ந்து, மதிலேறிக் குதித்துத் தப்புகிறான். இந்த ஒரு காட்சிக்கு மட்டும் நான்கு பக்கக் குறிப்பு வந்தது. உயிருக்கு ஆபத்தில்லாத அடியால் வரும் மயக்கம் பெரும்பாலும் சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ நீங்கிவிடும் என்றும், அரை மணி நேரத்தைத் தாண்டினாலே காயத்தை லேசானதாகக் கருத முடியாது என்றும், இரவு முழுவதும் நினைவின்றிக் கிடந்தவன் எழுந்தவுடன் மதிலேறுவது நடவாத காரியம் என்றும் அவர் எழுதியிருந்தார். அடிபட்ட கணமும் அதற்குச் சற்று முந்தையவையும் நினைவிலிருந்து அழிந்துபோவது வழக்கமாதலால், அடித்தவனின் முகம் ஒற்றனுக்கு நினைவிருப்பதும் ஐயத்துக்குரியது. வாந்தி, தலைசுற்றல், வெளிச்சம் பொறாமை, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பது ஆகியவற்றை, நான் எழுதியவற்றுக்குப் பதிலாக அவர் தந்தார். அந்தக் கேள்வியை வைத்தே காட்சியைத் திருத்தினேன், 'ஓலை எங்கே?' என்று அவன் ஆறாவது முறை கேட்கும்போது, காவலுக்கு நிற்பவனே அஞ்சிப்போகிறான்.

எனக்கு மிகவும் பயன்பட்டது நெற்றிப்பொட்டைப் பற்றிய பகுதி. அங்கே எலும்பு மெல்லியது. அது முறிந்து உள்ளே ஓடும் தமனி கிழிந்தால், மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையில் ரத்தம் தேங்கும். அடிபட்டவர்களுள் சிலர் எழுந்து, தெளிவாகப் பேசி, சில மணி நேரம் கழித்துத் தலைவலியும் தூக்கமும் மேலிட்டு, ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்து, மீண்டும் மயங்கிவிடுவார்கள். ஒற்றனின் தோழனுக்கு இந்த முடிவைக் கொடுத்திருக்கிறேன். எழுதிய அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

1974-இல் வெளியான கிளாஸ்கோ கோமா அளவுகோலையும் அவர் சுருக்கமாக விளக்கியிருந்தார். கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றையும் கொண்டு ஒருவரின் சுயநினைவு நிலையை 3 முதல் 15 வரை மதிப்பிடும் அளவுகோல் அது. பத்தாம் நூற்றாண்டுக் கதைக்குள் அந்த எண்கள் நுழைய முடியாது. ஆயினும் அருகில் இருப்பவர் கண்ணால் காணக்கூடியவை எவை என்பதை அதிலிருந்து கற்றுக்கொண்டேன்.

குறைகளும் உண்டு. பத்து நாளில் வரும் என்ற குறிப்பு இருபத்தாறாம் நாளில்தான் வந்தது. அக்கால மக்கள் இத்தகையவனை எவ்வாறு பேணியிருப்பார்கள் என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. சரித்திரக் கதைக்கென்று விளம்பரம் செய்யும் சேவையில் இது பெருங்குறை. அதை நானே தேடிப் புறநானூற்றின் 281-ஆம் பாடலுக்குச் சென்றேன். வீட்டில் வேப்பிலை செருகி, வெண்சிறுகடுகு தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணி ஒலித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எழுப்பி, புண்பட்ட வீரனை உடனிருந்து காக்கும் பெண்களை அரிசில்கிழார் அங்கே காட்டுகிறார். சோழப் பேரரசுக்கு மிக முந்தைய பாடல் அது என்றாலும், தலைக்காயம் பட்டவனைத் தனியே விடாமல் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்ற மருத்துவரின் அறிவுரையோடு அது இயல்பாகப் பொருந்தியது.

அடுத்த இரண்டு அத்தியாயங்களையும் அதே மருத்துவருக்கே அனுப்பவிருக்கிறேன். இம்முறை கெடு தேதியை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே பணம் கட்டுவேன்.