புனைவு, அபுனைவு: ஒரே கடிதம், இரண்டு எழுத்து

பேச்சு வழக்கில் 'கதை விடுகிறான்' என்றால் பொய் சொல்கிறான் என்று அர்த்தம். அதனாலோ என்னவோ, புனைவு (கதை, நாவல்) என்றால் பொய், அபுனைவு (கட்டுரை, வரலாறு, நினைவுக் குறிப்பு) என்றால் உண்மை என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எழுத உட்கார்ந்தால் அந்த வரையறை அரைப் பக்கம்கூடத் தாங்காது. எழுதுபவருக்கு உதவும் கேள்வி வேறு: தேவையான விவரம் கையில் இல்லாதபோது என்ன செய்வது? புனைவில் உருவாக்கிக்கொள்ளலாம். அபுனைவில் தேடிப் போக வேண்டும். கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றே எழுத வேண்டும். மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைப்பவை.

அண்ணனிடமிருந்து வந்த கடிதத்தை ஒரு பெண் படிக்கிறாள். புனைவில் இப்படி வரலாம்:

"கடிதத்தை மடித்தாள். மறுபடி பிரித்தாள். கடைசி வரியில் மை கலங்கியிருந்தது. தண்ணீர் பட்டதா, அண்ணன் அழுதானா, தெரியவில்லை."

அபுனைவில்:

"கடிதம் இரண்டு இடத்தில் மடிக்கப்பட்டிருக்கிறது, கடைசி வரியில் மை கலங்கியிருக்கிறது. படித்த அன்று அவர் என்ன நினைத்தார் என்பதற்குப் பதிவு இல்லை. அண்ணன் கடிதத்தின் தேதிக்கு மூன்று நாள் கழித்துத் தங்கைக்கு எழுதியபோது, 'அண்ணன் அழுதுகொண்டே எழுதியிருக்கிறான்' என்கிறார்."

முதல் துண்டில் 'தெரியவில்லை' என்பது எழுத்தாளரின் முடிவு. கதை அவள் கண் வழியாகப் போகிறது, அதனால் அவளுக்குத் தெரியாதது வாசகருக்கும் தெரியாது. அடுத்த பத்தியிலேயே அண்ணன் மனதுக்குள் புகுந்து அவன் அழுததைச் சொன்னால் நோக்குநிலை உடைந்து, கலங்கிய மைக்கு வேலையே இல்லாமல் போகும். முதல் வரைவுகளில் அதிகம் தென்படும் பிழை இதுதான்.

இரண்டாவது துண்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முகவரி இருக்கிறது. மடிப்பும் மையும் கடிதத்தை நேரில் பார்த்ததால் வந்தவை. 'மூன்று நாள்' இரு கடிதங்களின் தேதிகளிலிருந்து வந்தது. தங்கைக்கு எழுதிய கடிதம் கிடைக்காமல் போயிருந்தால் அந்தப் பத்தி 'பதிவு இல்லை' என்பதோடு நின்றிருக்கும். அந்த இடத்தில்தான் கை துறுதுறுக்கும்: 'அவர் உடைந்து போயிருக்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? ஒன்றிரண்டு 'இருக்கலாம்' தவறில்லை. பக்கத்துக்கு ஐந்து என்றால், செய்ய வேண்டிய தேடல் பாதியில் நின்றுவிட்டது என்று வாசகருக்குத் தெரிந்துவிடும்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் இங்கே உண்டு. கதையில் 'அவள்', 'அவன்' உறுத்தாது. நிஜ மனிதரைப் பற்றி எழுதும்போது 'அவர்' வந்துவிடுகிறது. அதில் ஆணா பெண்ணா என்பது தெரியாது. இருவர் பேசும் காட்சியில் மூன்று வரிக்குள் யார் எவர் என்று குழம்பும். அபுனைவில் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதத் தயங்கக் கூடாது. அலுப்பைவிடக் குழப்பம் மோசம்.

உரையாடலில்தான் இரண்டும் அதிகம் பிரிகின்றன. ஒரு மணி நேர ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்ய ஏறக்குறைய நான்கு மணி நேரம் பிடிக்கும். எழுதி முடித்துப் பார்த்தால் 'வந்து', 'அதாவது' என்று இழுக்கும். அவற்றை நீக்கலாம். வெவ்வேறு நாளில் சொன்ன இரண்டு பதில்களை ஒரே மேற்கோளுக்குள் ஒட்டக் கூடாது. இருபது வருடத்துக்கு முந்தைய பேச்சு நினைவிலிருந்து மட்டும் வருகிறது என்றால் மேற்கோள் குறியே வேண்டாம். 'என்று சொன்னதாக நினைவுகூர்கிறார்' போதும். பேட்டியில் 'எப்படி உணர்ந்தீர்கள்?' என்று கேட்டால் தேய்ந்த சொற்கள்தான் கிடைக்கும். எங்கே உட்கார்ந்து படித்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள், படித்த பிறகு கடிதத்தை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டால் காட்சி கிடைக்கும்.

கதை உரையாடலின் நோய் வேறு. 'அப்பா செத்து அஞ்சு வருஷம் ஆச்சே, அண்ணா' என்று ஒரு தங்கை சொன்னால், அவள் வாசகரிடம் பேசுகிறாள். அண்ணனுக்கு அது தெரியாதா என்ன?

புனைவென்றால் தகவலைச் சரிபார்க்க வேண்டாம் என்பது சோம்பேறிகள் பரப்பிய வதந்தி. அமாவாசை இரவில் நிலவொளி வரக் கூடாது. மாலையில் மேற்கே முழு நிலா எழக் கூடாது. அது சூரியன் மறையும் நேரத்தை ஒட்டிக் கிழக்கில் எழும். 1969 ஜூலை 20 அன்று கதை நடந்தால் அது ஞாயிற்றுக்கிழமை. அலுவலகத்தைத் திறந்து வைக்கக் காரணம் வேண்டும். ஆனால் சரியான தகவல் கதையைக் காப்பாற்றிவிடாது. 'நம்பும்படி இல்லையே' என்பதற்கு 'நிஜமாகவே நடந்தது' என்ற பதில் அபுனைவில் சான்றோடு செல்லும், கதையில் செல்லாது. தற்செயல் கதையைத் தொடங்கி வைக்கலாம். அதுவே முடிச்சை அவிழ்த்தால் வாசகர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார்.

திருத்தும் முறையும் ஒன்றல்ல. கதையைச் சில வாரம் ஒதுக்கி வைத்து, பிறகு வாய்விட்டுப் படிப்பது பலன் தரும். நாக்கு தடுக்கும் இடம் பெரும்பாலும் வெட்ட வேண்டிய இடம். அபுனைவுக்கு அதோடு இன்னொரு சுற்று உண்டு: அச்செடுத்து, ஒவ்வொரு பெயர், எண், தேதி, மேற்கோளின் கீழும் கோடிட்டு, எங்கிருந்து வந்தது என்று ஓரத்தில் குறிப்பது. குறிக்க முடியாததை நீக்க வேண்டும். பிறர் நூலிலிருந்து எடுத்த மேற்கோளை மூலத்தோடு ஒப்பிடுவதும் இந்தச் சுற்றில்தான்.

நடுவில் ஒரு பரப்பு இருக்கிறது. 1946இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ஹெர்சி, ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பிப் பிழைத்த ஆறு பேரைப் பற்றி நாவலின் காட்சி அமைப்போடு எழுதினார். விவரங்கள் பேட்டிகளில் திரட்டியவை. கதையின் உத்தியைக் கடன் வாங்கலாம், கதையின் சுதந்திரத்தை வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் தெரியவில்லை. மறுபக்கம் அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ஃப்ரே: 2003இல் நினைவுக் குறிப்பாக வந்த அவருடைய நூலில் 87 நாள் சிறை என்றிருந்தது சில மணி நேரக் காவல்தான் என்று 2006இல் வெளிப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரப் பதிப்பாளர் முன்வர வேண்டியிருந்தது. அதே வாக்கியங்கள் நாவல் என்று அச்சாகியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதற்காக 'எல்லாம் கற்பனையே' என்ற அறிவிப்பு கவசம் ஆகாது. நிஜ மனிதரை அடையாளம் காண முடிந்தால் புனைவும் அவதூறு வழக்குக்குள் வரலாம். ஊர், தொழில், குடும்ப அமைப்பு மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றுவது மாற்றமே அல்ல.

கையில் உள்ள விஷயத்தை எதில் எழுதுவது என்று தயங்கினால், முக்கியமான காட்சிகளைப் பட்டியலிட்டு, சான்று உள்ளவற்றைக் குறித்துப் பார்க்கலாம். பாதிக்கு மேல் வெற்றிடம் என்றால் நாவல் நல்லது. வெற்றிடம் குறைவு, 'இது நடந்தது' என்பதே அதன் பலம் என்றால் அபுனைவு. பெயர் மாற்றமோ காலச் சுருக்கமோ இருந்தால் முதல் அத்தியாயத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், கடைசிப் பக்கத்தில் அல்ல.