பிஎன்ஆர் கன்ஃபர்ம் என்று காட்டினாலும் நம்பி ரயில் ஏறிவிடாதீர்கள்

தை மாதக் கல்யாணம் ஒன்றுக்காக அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னை எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு இரவு ரயிலில் கிளம்பினேன். ஸ்லீப்பரில் இரண்டு லோயர் பெர்த், எஸ்7-இல் 33, 36. டிக்கெட்டின் முன்பதிவு எண்ணான பிஎன்ஆரைப் போட்டுப் பார்த்தபோது இரண்டும் கன்ஃபர்ம். அன்று இரவு பதினோரு மணிக்கு மேல் விழுப்புரத்தில், முட்டி வலியோடு நடக்கும் 64 வயது அம்மாவைக் கீழே இறக்கி, இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு, பொதுப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தேடி ஓடினேன். எங்கள் கையில் இருந்தது போலி டிக்கெட். அந்த பிஎன்ஆர் உண்மையானது, அந்த பெர்த்துகளும் உண்மையானவை. பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டவை.

வேறு யாருக்கும் இது நடக்கக் கூடாது என்பதால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

இப்போது முன்பதிவு 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது. கல்யாணத் தேதி எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது, நான் பார்க்கும்போது வெயிட்டிங் லிஸ்ட் அறுபதைத் தாண்டியிருந்தது. அதையே எடுத்து வைத்திருந்தேன். எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் எடுக்கும் கடை ஒன்று உண்டு. வாசலில் ரயில், பஸ், விமான டிக்கெட் என்று போர்டு தொங்கும். அம்மாவின் ஆதாரை நகல் எடுக்கப் போனபோது கடைக்காரர் பேச்சுக் கொடுத்தார். "வெயிட்டிங்க நம்பி உக்காராதீங்க சார். தத்கால்ல நான் எடுத்துத் தர்றேன். அம்மாவுக்கு லோயர் பெர்த் கேரண்டி." தத்கால் என்றால் பயணத்துக்கு முந்தின நாள் திறக்கும் அவசர முன்பதிவு. டிக்கெட் விலை போக ஒரு ஆளுக்கு 700 ரூபாய் கூடுதல். அம்மா மேல் பெர்த்தில் ஏற முடியாது, நடு பெர்த்தும் முடியாது. அதை நினைத்துத்தான் சரி என்றேன். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டையும் அன்றே ரத்து செய்தேன்.

மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்தது. என் பெயர், அம்மா பெயர், வயது, கோச், பெர்த் எல்லாம் ஒழுங்காக இருந்தன. யுபிஐயில் பணம் அனுப்பினேன். பணம் போய்ச் சேர்ந்த கணக்கு வேறு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு "வீட்டுக்காரம்மா நம்பர் சார்" என்றார். கிளம்பும் முன் இன்னொன்றும் சொன்னார்: "பத்து மணிக்கு மேல டிடிஆர் யாரையும் எழுப்ப மாட்டாரு, ஏறினதும் அம்மாவப் படுக்கச் சொல்லுங்க." அப்போது அது அக்கறையாகத்தான் தெரிந்தது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை தூங்கும் நேரம், தூங்குகிறவர்களை எழுப்பி டிக்கெட் கேட்கக் கூடாது என்ற அறிவுறுத்தல் ரயில்வேயில் உண்மையிலேயே உண்டு. அந்த ஆள் அதை நம்பித்தான் வியாபாரம் செய்கிறார் என்று பிறகுதான் புரிந்தது.

தாம்பரத்தில் ஒரு குடும்பம் ஏறியது. கணவன், மனைவி, மடியில் ஒரு கைக்குழந்தை. "சார், இது எங்க பெர்த்" என்றார் அவர். நான் என் போனைக் காட்டினேன், அவர் அவருடைய போனைக் காட்டினார். ரயில் எண், தேதி, பத்து இலக்க பிஎன்ஆர், கோச், பெர்த் எல்லாம் ஒன்றேதான். பெயரும் வயதும் மட்டும் வேறு. இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என் பிடிஎஃப்பில் அம்மாவின் வயது 64 என்ற எண், அதே வரியில் இருந்த மற்ற எழுத்துகளைவிட ஒரு நூல் கீழே இறங்கியிருந்தது. எழுத்தின் கருமையும் கொஞ்சம் கூடுதல். இரண்டு நாள் அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தும் என் கண்ணில் அது படவில்லை.

அவர் டிக்கெட்டில் இருந்த கியூஆர் கோடை என் போனில் ஸ்கேன் செய்தார், அவருடைய பெயரும் மனைவி பெயரும் வந்தன. என் டிக்கெட்டில் இருந்த கோடை ஸ்கேன் செய்தார். அதிலும் அவர்கள் பெயர்கள்தான் வந்தன. மேலே எழுத்தை மாற்றிய ஆள் கோடை மாற்றவில்லை. அப்புறம் பேசப் பேச வெளியே வந்தது, அவர்களும் அதே கடையில்தான் டிக்கெட் போட்டிருந்தார்கள். ஒரே டிக்கெட்டை அவர்களுக்கு உண்மையாகவும் எங்களுக்குப் பொய்யாகவும் விற்றிருக்கிறார்.

டிடிஆர் செங்கல்பட்டு தாண்டி வந்தார். கையில் இருந்த கருவியில் பட்டியலைப் பார்த்தார். அதில் எங்கள் பெயர் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் அவர் சொன்னதைக் கேட்டு எனக்குக் கை நடுங்கியது. "தம்பி, கணக்குப்படி நீங்க ரெண்டு பேரும் டிக்கெட் இல்லாம வர்றீங்க. திருத்தின டிக்கெட்ட வச்சிருக்கீங்கன்னு எழுதினா கேஸ் ஆகிடும்." அவர் மிரட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். ரயில்வே சட்டம் 1989-இன் 137ஆவது பிரிவில், ஏமாற்றும் நோக்கத்தோடு பயணம் செய்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் அனுப்பிய விவரத்தையும் காட்டியதால் எங்களை நம்பினார். பயணக் கட்டணமும், அதே அளவு அபராதமும் வாங்கிக்கொண்டு ரசீது போட்டார். (இந்த அபராதம் கட்டணத்துக்குச் சமமாக இருக்கும், அது 250 ரூபாய்க்குக் குறைந்தால் 250 ரூபாய்.) ரயிலில் ஒரு பெர்த்கூடக் காலி இல்லை. ஆர்.ஏ.சி.யில், அதாவது உட்கார மட்டும் இடம் உறுதியான டிக்கெட்டில், சைடு லோயரில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்திருந்தவர்களே படுக்க இடம் கேட்டு அவர் பின்னால் நின்றார்கள்.

விழுப்புரம் வரை அந்தக் குழந்தையின் அம்மா, என் அம்மாவைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். "நீங்க என்னம்மா பண்ணுவீங்க, உக்காருங்க" என்றார். அவர்கள் நிலைமையில் நான் இருந்திருந்தால் அந்த அளவு பொறுமை இருந்திருக்குமா தெரியாது.

பொதுப் பெட்டிகள் வண்டியின் முன்னாலும் பின்னாலும்தான் இருக்கும். எஸ்7-இலிருந்து நடக்கும்போது அது முடிகிற வழியாகவே தெரியவில்லை. உள்ளே கால் வைக்க இடம் இல்லை. கைகழுவும் தொட்டிக்குக் கீழே தண்ணீர் சிந்திக் கிடந்தது, அதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போர்வையை நாலாக மடித்துப் போட்டு அம்மாவை உட்காரவைத்தேன். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவைப் பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழிவறைக் கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காலை மடக்கவேண்டும், அவரால் மடக்க முடியாது. நான் கதவு திறக்கிறவரிடம் ஒவ்வொரு முறையும் கெஞ்சினேன். திருச்சியில் ஒரு கல்லூரிப் பையன் எழுந்து இடம் கொடுத்தான். "ஏல, ரூவா போச்சுன்னு நெனைக்காத, நல்லபடியா போய்ச் சேந்தாப் போதும்" என்று அம்மா எனக்குத்தான் ஆறுதல் சொன்னார். திருநெல்வேலியில் இறங்கும்போது இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன. கல்யாணத்தில் பந்திக்குக்கூட எழுந்து போக முடியவில்லை, சாப்பாட்டை உட்கார்ந்த இடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இப்போது எனக்குத் தெரிந்ததை அன்றே தெரிந்துவைத்திருந்தால் அந்தக் கடையில் ஒரு ரூபாய்கூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

முதலாவது, பிஎன்ஆர் நிலவரத்தில் பயணியின் பெயர் வராது. ரயில்வே உதவி எண் 139-இல் கேட்டாலும், செயலியில் பார்த்தாலும், பயணி 1, பயணி 2 என்று பெர்த் எண்தான் காட்டும். பிஎன்ஆர் கன்ஃபர்ம் என்றால் அந்த பெர்த் யாரோ ஒருவருக்கு உறுதி, அவ்வளவுதான். அது நீங்களா என்பது அதில் தெரியாது. தெரிந்துகொள்ள டிக்கெட்டில் இருக்கும் கியூஆர் கோடை நீங்களே உங்கள் போனில் ஸ்கேன் செய்யுங்கள், உங்கள் பெயர் வரவேண்டும். டிக்கெட் போடும்போது உங்கள் மொபைல் எண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள். டிக்கெட் எடுத்ததும் பிஎன்ஆர், பெயர், பெர்த் எல்லாம் போட்டு உங்களுக்கே நேராக எஸ்எம்எஸ் வரும். எனக்கு அது வரவில்லை. "நெட்வொர்க் பிரச்சனை சார், பிடிஎஃப்தான் இருக்கே" என்றார், விட்டுவிட்டேன்.

அடுத்தது நேரம். ஸ்லீப்பர் தத்கால் முந்தின நாள் காலை 11 மணிக்குத் திறக்கும், ஏசிக்கு 10 மணி. 2025 ஜூலை முதல் இணையத்தில் தத்கால் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும், அதோடு அங்கீகாரம் பெற்ற ஏஜெண்டுகள் முதல் அரை மணி நேரம் தத்கால் எடுக்கவே முடியாது. அதாவது ஸ்லீப்பரில் 11.30 வரை அவர்களுக்குக் கதவு மூடியிருக்கும். என் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்த நேரம் 11.14. அந்த எண்ணைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்கவேண்டும். யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கில் எடுத்து விற்றிருக்கிறார். சொந்தக் கணக்கில் எடுத்த டிக்கெட்டை வியாபாரமாக விற்கக் கூடாது. முறையான ஏஜெண்ட் எடுத்த டிக்கெட்டில் அவருடைய பெயரும் முகவரியும் அச்சாகியிருக்கும், ஸ்லீப்பருக்கு அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 20 ரூபாய், ஏசிக்கு 40 ரூபாய். 700 ரூபாய் கேட்கிறவர் ஏஜெண்ட் இல்லை.

வேறு ஒருவர் பெயரில் இருக்கும் டிக்கெட்டை, "ஐடி கேட்க மாட்டாங்க, போயிடலாம்" என்று யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். இ-டிக்கெட்டில் பெயர் உள்ளவர்களில் ஒருவராவது அசல் அடையாள அட்டையோடு வரவேண்டும்.

வெயிட்டிங் லிஸ்ட் இ-டிக்கெட்டை அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். சார்ட் என்னும் கடைசிப் பயணிகள் பட்டியல் போட்ட பிறகும் வெயிட்டிங்கிலேயே இருந்தால் அது தானாக ரத்தாகி, பிடித்தம் போகப் பணம் திரும்பிவிடும். கவுண்டரில் எடுத்த வெயிட்டிங் டிக்கெட் அப்படி ரத்தாகாது, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரில் ஏற முடியாது, பொதுப் பெட்டிக்குத்தான் போகவேண்டும்.

இன்னொன்றும் நடந்தது. ஆத்திரத்தில் மறுநாள் என் டிக்கெட் படத்தையும் போன் எண்ணையும் சமூக வலைத்தளத்தில் போட்டுப் புகார் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் அழைப்பு வந்தது. "ரயில்வே ரீஃபண்ட் பிரிவிலிருந்து பேசுறோம்" என்று ஒருவர் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசினார். என் பெயர், பிஎன்ஆர் எல்லாம் சரியாகச் சொன்னார், சொல்லாமல் என்ன, நானேதானே எழுதியிருந்தேன். ஒரு செயலியை இறக்கச் சொல்லி லிங்க் அனுப்பினார். அது போன் திரையை அவர் பார்க்க வழி செய்யும் செயலி. பக்கத்தில் இருந்த மச்சான் போனைப் பிடுங்கி அணைத்தான். டிக்கெட் பணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதற்கே தானாகத் திரும்பும், அதற்கு யாரும் போன் செய்து ஓடிபி கேட்கமாட்டார்கள். பிஎன்ஆரையும் போன் எண்ணையும் பொதுவில் போடவே போடாதீர்கள்.

புகாரை 139-இல் கொடுத்தேன், திருநெல்வேலி ஸ்டேஷனில் ரயில்வே பாதுகாப்புப் படையிலும் (ஆர்.பி.எஃப்.) எழுதிக்கொடுத்தேன். அனுமதியில்லாமல் டிக்கெட் விற்பது ரயில்வே சட்டத்தின் 143ஆவது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் உள்ள குற்றம். யுபிஐயில் போன பணத்துக்கு சைபர் குற்ற உதவி எண் 1930-இல் தனியாகப் புகார் எண் வாங்கியிருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. கடைக்காரரிடம் நேரில் போய்க் கேட்டபோது "சர்வர் தப்பு சார், எனக்கு எதுவும் தெரியாது" என்றார். போர்டு இன்னும் அங்கேயே தொங்குகிறது. தாம்பரத்தில் ஏறிய அந்தக் குடும்பமும் சாட்சி எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இதுபோல வெளியாளிடம் வாங்கிய டிக்கெட் இப்போது உங்கள் கையில் இருந்தால், ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன் அந்தக் கோடை ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள். வேறு பெயர் வந்தால் வாட்ஸ்அப் செய்தியையும் பிடிஎஃப்பையும் அழித்துவிடாதீர்கள், ஆர்.பி.எஃப். முதலில் கேட்டது அதைத்தான்.